போர்க்காலத்தில் சில்லறை எங்கே போகிறது? கடைக்காரர்கள் காசு அடித்த கதை

போர் வந்தால் அரிசிக்கும் எரிபொருளுக்கும் மருந்துக்கும் தட்டுப்பாடு வரும் என்றால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். சில்லறைக் காசுக்கே தட்டுப்பாடு வரும் என்றால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆனால் அது பலமுறை வந்திருக்கிறது. வந்தபோது பெரும்பாலும் அரசாங்கம் விழித்துக்கொள்வதற்குள் கடைக்காரர்கள் தாங்களாகவே ஒரு வழி பண்ணிக்கொண்டார்கள். தங்கள் பெயரையும் ஊரையும் பொறித்த சின்னச் செப்பு வில்லைகளை அடித்து, அவற்றையே மீதிச் சில்லறையாகக் கொடுத்தார்கள். வாடிக்கையாளர்களும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிக்கொண்டார்கள். நாணயம் சேகரிப்பவர்கள் வணிகர் டோக்கன் என்று சொல்வது இதைத்தான்.

இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள அமெரிக்க உள்நாட்டுப் போரைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. வடக்கு, தெற்கு மாநிலங்களுக்கிடையே 1861 முதல் 1865 வரை நடந்த அந்தப் போரின் நடுவில், முக்கியமாக 1863இல், வடக்கு மாநிலங்களில் குறைந்தது இரண்டரைக் கோடி டோக்கன்களாவது புழங்கியிருக்கும் என்பது நாணய ஆய்வாளர்கள் பொதுவாகச் சொல்லும் மதிப்பீடு. கடைப்பெயர் போட்டு டோக்கன் அடித்தவர்கள் மட்டும் ஏறக்குறைய 1,500 பேர். அச்சுகளின் சேர்க்கையைக் கணக்கில் எடுத்தால் 10,000க்கும் மேற்பட்ட வகைகள் தேறும். இவ்வளவும் எந்த அரசு உத்தரவும் இல்லாமல் நடந்தது.

வெள்ளிக் காசு ஏன் ஓடி ஒளிந்தது

1861 ஏப்ரலில் போர் தொடங்கியது. லிங்கன் அரசு கையில் இருந்த தங்கத்தையெல்லாம் செலவழித்துக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு டிசம்பர் கடைசியில் நியூயார்க் வங்கிகள், இனி நோட்டைக் கொடுத்தால் தங்கம் தர மாட்டோம் என்று கதவைச் சாத்திவிட்டன. அப்புறம் 1862 பிப்ரவரி 25ஆம் தேதி அரசு ஒரு சட்டம் போட்டு 15 கோடி டாலருக்குக் காகித நோட்டு அடித்தது. பின்பக்கம் பச்சை மையில் அச்சானதால் அதற்குக் கிரீன்பேக் என்று பெயர் வந்தது. அதைக் கொண்டுபோய் யாரிடமும் தங்கமாக மாற்ற முடியாது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்று சட்டம் சொன்னது, அவ்வளவுதான்.

சட்டம் சொன்னாலும் சந்தை தன் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். கிரீன்பேக்கின் மதிப்பு தங்கத்துக்கு எதிராக மெல்ல இறங்கியது. 1862 ஜூலையில் 100 தங்க டாலர் வாங்க 115 காகித டாலர் வாக்கில் கொடுக்க வேண்டியிருந்தது. தங்கக் காசு ஏற்கெனவே புழக்கத்தை விட்டுப் போய்விட்டது. அது பெரிய தொகைக்கான பணம் என்பதால் சாதாரண ஜனங்களுக்கு அது போனதே தெரியவில்லை. அடுத்து வெள்ளிக்கு முறை வந்தபோதுதான் எல்லோருக்கும் உறைத்தது.

இங்கே கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 1853இல் அமெரிக்கா தன் வெள்ளிச் சில்லறையில் இருந்த வெள்ளியைச் சுமார் 7 சதவீதம் குறைத்திருந்தது. அது நல்ல யோசனை. ஒரு டாலர் மதிப்புள்ள சில்லறையை உருக்கினால் ஒரு தங்க டாலருக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் வெள்ளி தேறும் என்றால், யாரும் உருக்க மாட்டார்கள். காசு புழக்கத்திலேயே கிடக்கும். ஆனால் அந்தச் சின்ன நஷ்டம்தான் அதற்குக் காவல். ஒரு தங்க டாலருக்கு 1 டாலர் 15 சென்ட் காகிதம் கொடுக்க வேண்டும் என்று ஆகிவிட்ட பிறகு அந்தக் காவல் எடுபடுமா? இரண்டு அரை டாலர் வெள்ளிக் காசில் உள்ள வெள்ளி, ஒரு காகித டாலருக்கு மேலேயே விலை போனது. கடையில் கொடுத்தால் ஒரு டாலர், தரகரிடம் விற்றால் ஒரு டாலருக்கு மேலே சில சென்ட். கையில் வெள்ளி இருப்பவன் அதைக் கடையில் எதற்குக் கொடுக்கப் போகிறான்? மூட்டை மூட்டையாக வெள்ளி கனடாவுக்கும் தென்னமெரிக்காவுக்கும் போனது. போகாதது பானைக்குள் போனது.

கெட்ட காசு நல்ல காசைத் துரத்திவிடும் என்று பொருளாதாரப் பாடத்தில் படிக்கும் கிரெஷாம் விதி இதுதான். புத்தகத்தில் மெதுவாக நடப்பதுபோல் தெரியும். 1862இல் அது ஜூன், ஜூலை என்ற சில வாரங்களுக்குள் முடிந்துவிட்டது.

மிச்சம் இருந்தது ஒரு சென்ட் காசு மட்டும்தான். 88 சதவீதம் செம்பும் 12 சதவீதம் நிக்கலும் கலந்து, வெளிறிய நிறத்தில், 4.67 கிராம் எடையில் 1857 முதல் அடிக்கப்பட்டு வந்த காசு அது. அதை உருக்கினால் லாபம் கிடையாது. அப்படியும் ஜனங்கள் அதைப் பதுக்கினார்கள். காரணம் எளிது: கையில் உலோகமாக இருந்த கடைசிக் காசு அது. பிலடெல்பியா நாணயச்சாலை 1863இல் மட்டும் 5 கோடிக்குச் சற்றுக் குறைவான ஒரு சென்ட் காசுகளை அடித்துத் தள்ளியது. அத்தனையும் எங்கோ போய் ஒளிந்துகொண்டன. கிரெஷாம் விதியை வைத்து மட்டும் இதை விளக்க முடியாது என்பது என் எண்ணம். பயம் என்று ஒன்று இருக்கிறது, அது உலோக விலை பார்ப்பதில்லை.

தபால் தலையைச் சில்லறையாகக் கொடுத்த கோடைகாலம்

அன்றைய விலைவாசியை நினைத்துப் பாருங்கள். ஒரு கடிதம் அனுப்ப 3 சென்ட். குதிரை இழுக்கும் டிராமில் போக 5 சென்ட் வாக்கில். கூலிக்காரருக்கு ஒரு நாளைக்கு ஒரு டாலர் கிடைத்தால் அதிகம். அப்படிப்பட்ட ஊரில் கையில் இருப்பதில் மிகச் சிறிய பணம் ஒரு டாலர் நோட்டு என்றால் வியாபாரம் எப்படி நடக்கும்? ரொட்டி வாங்க வந்தவர் நோட்டை நீட்டினால் கடைக்காரர் கையை விரிக்க வேண்டியதுதான்.

முதலில் ஜனங்கள் பிடித்துக்கொண்டது தபால் தலையை. அதற்கு ஒரு நிச்சயமான மதிப்பு உண்டு, அரசாங்கம் வெளியிட்டது, கடைசியில் கடிதத்திலாவது ஒட்டிக்கொள்ளலாம். அரசும் 1862 ஜூலை 17ஆம் தேதி ஒரு சட்டம் போட்டு, அரசுக்குச் செலுத்த வேண்டிய 5 டாலருக்கு உட்பட்ட தொகைகளுக்குத் தபால் தலையை ஏற்கலாம் என்றது. கேட்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் தபால் தலையின் பின்னால் பசை இருக்கிறதே! ஜூலை மாத வெயிலில் வேர்த்த கையோடு சட்டைப்பையிலிருந்து எடுத்தால் நாலும் ஐந்தும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. கிழிந்தன, அழுக்கேறின. அதற்குப் பிறகு கடிதத்தில் ஒட்டவும் லாயக்கில்லை. சில்லறைக்காக ஜனங்கள் வாங்கிக் குவித்ததில் கடிதத்துக்கே தபால் தலை போதாத நிலை வந்து தபால் துறை திணறியது.

ஜான் கால்ட் என்பவர் இதற்கு ஓர் அழகான தீர்வு கண்டார். 1862 ஆகஸ்ட் 12இல் காப்புரிமையும் வாங்கினார். தபால் தலையை ஒரு வட்டமான பித்தளைக் கூட்டுக்குள் மடித்து வைத்து, மேலே மெல்லிய மைக்கா தகடு போட்டு மூடிவிடுவது. மைக்கா வழியாகத் தலையின் மதிப்பு தெரியும், கையும் படாது. பின்பக்கப் பித்தளையில் விளம்பரம். ஏயர்ஸ் மாத்திரைகள், டிரேக்ஸ் பிட்டர்ஸ் என்ற மருந்துச் சாராயம், இப்படி அந்தக் காலத்து வியாபாரங்கள் அதில் தங்கள் பெயரைப் பொறித்துக்கொண்டன. ஆனால் கூட்டுக்கு ஒரு செலவு, அதற்குள் இருக்கும் தபால் தலைக்கு ஒரு விலை. இரண்டையும் கூட்டினால் முகமதிப்பைத் தாண்டிவிடும். அதனால் அது பெரிய அளவில் பரவவில்லை. இன்று ஏலத்தில் அவற்றுக்கு நல்ல கிராக்கி.

அரசு தன் பங்குக்கு ஆகஸ்ட் மாதமே தபால் தலைப் படம் அச்சிட்ட சின்னக் காகிதப் பணத்தை வெளியிட்டது. 5, 10, 25, 50 சென்ட் என நான்கு மதிப்புகள். இதற்கான யோசனை கருவூல அதிகாரி பிரான்சிஸ் ஸ்பின்னர் ஒரு தாளில் தபால் தலைகளை ஒட்டிக் காட்டியதில் பிறந்தது என்பார்கள். (பின்னாளில் இதே வரிசையின் 5 சென்ட் நோட்டு ஒன்றில் ஸ்பென்சர் கிளார்க் என்ற அச்சக அதிகாரி தன் முகத்தையே போட்டுக்கொண்டார். உயிரோடு இருப்பவர் படத்தைப் பணத்தில் போடக் கூடாது என்று 1866இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் போட அதுவும் ஒரு காரணம். வேறு கதை, விடுங்கள்.)

கவனிக்க வேண்டியது என்னவென்றால், இந்தக் காகிதச் சில்லறையில் மிகச் சிறியது 5 சென்ட். அதற்குக் கீழே ஒன்றுமே இல்லை. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு சென்ட் கொடுக்க வேண்டிய இடத்தில் ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. அந்த ஓட்டைக்குள் வந்து உட்கார்ந்ததுதான் வணிகர் டோக்கன். அதனால்தான் டோக்கன்கள் அநேகமாக எல்லாமே ஒரு சென்ட் அளவிலேயே, சுமார் 19 மில்லிமீட்டர் விட்டத்தில் அடிக்கப்பட்டன.

அச்சு வெட்டுபவர்களின் பட்டறை

1862 இலையுதிர் காலத்தில் ஒகையோ மாநிலத்தின் சின்சினாட்டி நகரத்தில் இந்த வழக்கம் தொடங்கியதாகச் சொல்வார்கள். சில மாதங்களில் நியூயார்க்குக்கு வந்தது. பிறகு டெட்ராய்ட், மில்வாக்கி, சிகாகோ, இண்டியானாவின் சின்னச் சின்ன ஊர்கள். எண்ணிக்கையில் ஒகையோதான் எப்போதும் முதலிடம்.

கடைக்காரருக்குத் தானே காசு அடிக்கத் தெரியாது. அதற்கென்று அச்சு வெட்டுபவர்கள் இருந்தார்கள். சின்சினாட்டியில் ஜான் ஸ்டான்டன், வில்லியம் லான்ஃபியர், நியூயார்க்கில் எமில் சீகல், கனெக்டிகட்டின் வாட்டர்பரியில் பித்தானும் பித்தளைச் சாமானும் செய்துவந்த ஸ்கோவில் நிறுவனம். இவர்கள் வேலை செய்த முறை சிக்கனமானது. காசுக்குத் தலைப் பக்கம், பூப் பக்கம் என்று இரண்டு அச்சு வேண்டும். தலைப் பக்கத்துக்கு இறகுக் கிரீடம் போட்ட முகமோ கழுகோ வெட்டி, பொது அச்சாகத் தயாராக வைத்திருப்பார்கள். கடைக்காரர் வந்தால் அவர் பெயர், தொழில், தெரு, ஊர் ஆகியவற்றை மட்டும் இன்னொரு அச்சில் வெட்டினால் போதும். அதே பொது அச்சு காலையில் மளிகைக் கடைக்கும் மாலையில் சலூனுக்கும் உழைக்கும். பத்தாயிரத்துக்கு மேல் வகைகள் உண்டானதற்கு இந்தக் கலந்து அடிக்கும் பழக்கம்தான் காரணம்.

பெயர்ப் பக்கத்தில் படங்களும் உண்டு. செருப்புக் கடைக்கு ஒரு பூட்ஸ், மருந்துக் கடைக்குக் குழவியும் கல்லும், மதுக்கடைக்கு நுரை தளும்பும் கோப்பை. சில்லறையும் ஆச்சு, விளம்பரமும் ஆச்சு. ஒரு டோக்கனுக்கு ஆகும் செலவு ஒரு சென்டுக்கு வெகு குறைவு. ஒரு சென்ட் மதிப்புக்கு வெளியே போகும், திரும்பி வராமலே போனால் வித்தியாசம் அத்தனையும் லாபம். கடைக்காரர் ஊருக்கு உபகாரம் செய்தார் என்று மட்டும் பார்த்தால் பாதிக் கதையைத்தான் பார்க்கிறோம்.

கடைப்பெயர் இல்லாத டோக்கன்களும் ஏராளம். இவற்றைத் தேசபக்தி டோக்கன் என்பார்கள். கொடி, பீரங்கி, 1862இல் கடற்போரில் பேர் வாங்கிய மானிட்டர் என்ற இரும்புக் கப்பல், 'ராணுவமும் கடற்படையும்' என்ற வாசகம், இப்படி. அதில் எனக்குப் பிடித்தது ஜான் டிக்ஸ் டோக்கன். டிக்ஸ் 1861 ஜனவரியில் கருவூலச் செயலராக இருந்தபோது, அமெரிக்கக் கொடியை இறக்க யாராவது முயன்றால் நின்ற இடத்திலேயே சுட்டுவிடுங்கள் என்று தந்தி அனுப்பினார். அந்த வாசகத்தைக் கொஞ்சம் மாற்றிக் கொடியைச் சுற்றி வட்டமாகப் பொறித்து லட்சக்கணக்கில் அடித்தார்கள். ஒரு அச்சு வெட்டியவர் அவசரத்தில் 'ஸ்பாட்' என்ற கடைசிச் சொல்லில் ஒரு 'ஓ' எழுத்தைக் கூடுதலாக வெட்டிவிட, அது 'ஸ்பூட்' ஆகிவிட்டது. அந்தத் தப்பான காசு இன்றைக்கும் அதிகம் தேடப்படும் ஒன்று.

தேசபக்தி டோக்கனில் பெயர் இல்லை என்பதன் பொருளையும் யோசிக்க வேண்டும். அதை யார் வெளியிட்டார் என்று தெரியாது. ஆகவே யாரிடம் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுப்பது என்றும் தெரியாது. கொடியைப் பார்த்து உணர்ச்சிவசப்பட்டு வாங்கிக்கொண்டவர், அதை இன்னொரு உணர்ச்சிவசப்பட்டவரிடம் தள்ளிவிட வேண்டியதுதான்.

சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்ததா

இல்லை. தபால் தலையை அனுமதித்த அதே 1862 ஜூலைச் சட்டத்தின் இரண்டாவது பிரிவு, ஒரு டாலருக்குக் குறைந்த மதிப்பில் தனியார் யாரும் பணமாகப் புழங்கும் நோக்கத்தோடு சீட்டோ டோக்கனோ வெளியிடக் கூடாது என்று சொன்னது. 500 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறை. பிறகு எப்படி இரண்டரைக் கோடி புழங்கியது?

ஒரு காரணம், அதிகாரிகளுக்குப் போர் என்ற பெரிய தலைவலி இருந்தது. இன்னொரு காரணம் டோக்கனிலேயே எழுதியிருக்கிறது. பெரும்பாலான டோக்கன்களில் மதிப்பு என்று எதுவும் இருக்காது. கேட்டால், இது பணம் இல்லை ஐயா, வெறும் விளம்பர வில்லை என்று சொல்லிவிடலாம். இன்னும் தைரியசாலிகள் அரசு ஒரு சென்ட் காசைப் போலவே மாலை வளையம் எல்லாம் வெட்டி, நடுவில் பெரிய எழுத்தில் 'ஒன் சென்ட்' என்று போட்டார்கள். அதற்கு மேலே, பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரியும் என்ற அளவில், 'நாட்' என்று ஒரு பொடிச் சொல். அதாவது இது ஒரு சென்ட் அல்ல. அவசரத்தில் வாங்குபவர் கண்ணுக்கு அது சென்ட், நீதிமன்றத்தில் அது சென்ட் இல்லை. இதற்கு நேர் எதிராக, 'ஐ ஓ யூ ஒன் சென்ட்', அதாவது உனக்கு நான் ஒரு சென்ட் கடன் என்று வெளிப்படையாகவே பொறித்தவர்களும் இருந்தார்கள்.

திருப்பி வாங்குவது யார்?

டோக்கன் எப்படிப் பணமாக வேலை செய்கிறது என்பதன் மையமே இந்தக் கேள்விதான். நம் ஊர்க் கடையில் சில்லறை இல்லை என்று மிட்டாய் கொடுக்கிறார்களே, அதை நினைத்துக்கொள்ளுங்கள். பத்து மிட்டாய் சேர்த்துக் கொண்டுபோய் அதே கடையில் சோப்பு கேட்டால் கொடுப்பார்களா? மாட்டார்கள். மிட்டாய் போகும், திரும்பாது. டோக்கனைக் கடைக்காரர் சரக்குக்கு ஈடாகத் திருப்பி வாங்கிக்கொள்வார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை ஒரு தெருவுக்குள் உறுதியாக இருந்தால், பக்கத்துக் கடைக்காரரும் அதை வாங்குவார். ஏனென்றால் வாரக் கடைசியில் மொத்தமாகக் கொண்டுபோய் வெளியிட்டவரிடம் கொடுத்துக் கணக்குத் தீர்த்துக்கொள்ளலாம். தெரு தாண்டி, ஊர் தாண்டிப் போகப் போக அந்த நம்பிக்கை மெலிந்துகொண்டே போகும்.

மெலிந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாணயக்காரர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் ஒரு கதை உண்டு. குஸ்டாவஸ் லிண்டன்முல்லர் நியூயார்க்கில் ஓடியன் என்ற பீர்க் கடை வைத்திருந்தார். 1863இல் அவர் வெளியிட்ட டோக்கனில் ஒரு பக்கம் தாடி வைத்த முகம், மறுபக்கம் பீர்க் கோப்பை. பத்து இருபதாயிரம் இல்லை, பத்து லட்சத்துக்கு மேல் அடித்தார். நகரம் முழுக்க அது பரவியது. மூன்றாவது அவென்யூவில் ஓடிய குதிரை டிராம் நிறுவனமும் பயணிகளிடம் கட்டணமாக அதை வாங்கிக்கொண்டது. சேர்ந்துபோனதை எடுத்துக்கொண்டு டிராம் நிறுவனத்தார் அவரிடம் போய், இதற்கு நல்ல பணம் கொடுங்கள் என்று கேட்டார்கள். லிண்டன்முல்லர் சிரித்துக்கொண்டே மறுத்துவிட்டாராம். டிராம் நிறுவனத்தால் ஒன்றும் செய்ய முடியவில்லை. டோக்கனில் எந்த வாக்குறுதியும் எழுதியிருக்கவில்லை. டோக்கனே சட்டவிரோதம் என்னும்போது எந்த முகத்தோடு வழக்குப் போடுவது?

நான் இதைப் படிக்கும்போது லிண்டன்முல்லரைவிட டிராம் நிறுவனத்தின் மேல்தான் ஆச்சரியப்படுகிறேன். தெருவில் பத்துப் பதினைந்து டோக்கன் வாங்கும் மளிகைக்காரர் ஓடியன் எங்கே இருக்கிறது என்று தெரிந்துதான் வாங்கியிருப்பார். ஒரு மாலை நடந்துபோய்க் குடித்தே தீர்த்துவிடலாம். மூட்டைக் கணக்கில் சேர்த்துக்கொண்டவனுக்கு அந்த வசதி கிடையாது.

போர்முனையிலும் இதே தத்துவம் வேறு உருவத்தில் நடந்தது. படைப்பிரிவுகளோடு கூடவே போய்ப் புகையிலை, பிஸ்கட், ஊறுகாய் விற்கும் முகாம் கடைக்காரர்கள் இருந்தார்கள். அவர்கள் அடித்த டோக்கனில் படைப்பிரிவின் பெயரும் இருக்கும், 5, 10, 25, 50 சென்ட் என்று மதிப்பும் இருக்கும். சம்பளம் வராத சிப்பாய்க்குக் கடைக்காரர் முன்கூட்டியே டோக்கன் கொடுத்துவிடுவார், சிப்பாய் அதை அவர் கடையில்தான் செலவு செய்ய முடியும். விலையை அவர்தான் வைப்பார். தெருக்கடை டோக்கன் பக்கத்துக் கடையிலாவது செல்லும். முகாம் டோக்கன் வைத்திருப்பவனுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

தெற்கு மாநிலங்களில் வணிகர் டோக்கன் மிகக் குறைவு. அங்கே உலோகம் ஆயுதத்துக்கே போதவில்லை. 10 சென்ட், 25 சென்டுக்கெல்லாம் காகிதத்தையே அச்சடித்துத் தள்ளினார்கள்.

கள்ளக் காசிடம் பாடம் கற்ற நாணயச்சாலை

பிலடெல்பியா நாணயச்சாலையின் இயக்குநர் ஜேம்ஸ் பொல்லாக் 1863இல் ஒரு விஷயத்தைக் கவனித்தார். தான் அடிக்கும் நிக்கல் கலந்த கனமான காசை ஜனங்கள் பதுக்குகிறார்கள். யாரோ அடித்த, ஒரு சென்டில் சிறு பங்கு மட்டுமே உலோக மதிப்பு உள்ள மெல்லிய வெண்கல வில்லையை எந்தப் புகாரும் இல்லாமல் கைமாற்றுகிறார்கள். தங்கத்திலும் வெள்ளியிலும்தான் ஜனங்கள் முழு மதிப்பை எதிர்பார்க்கிறார்கள், சின்னக் காசு அவர்களுக்குக் கணக்கைச் சரியாகத் தீர்க்கும் ஒரு வசதி மட்டுமே என்று அவர் முடிவுக்கு வந்தார். அப்படியானால் அரசும் அதே மாதிரி வெண்கலக் காசு அடித்தால் என்ன?

1864 ஏப்ரல் 22ஆம் தேதிச் சட்டம் அதைத்தான் செய்தது. நிக்கல் போனது. 95 சதவீதம் செம்பும், மீதி வெள்ளீயமும் துத்தநாகமும் கலந்த வெண்கலம் வந்தது. எடை 4.67 கிராமிலிருந்து 3.11 கிராமாக இறங்கியது. புதிதாக இரண்டு சென்ட் காசும் வந்தது. 'கடவுளை நம்புகிறோம்' என்ற வாசகம் முதன்முதலாக அமெரிக்கக் காசில் ஏறியது அதில்தான். இன்னொரு முக்கியமான மாற்றம், அதுவரை ஒரு சென்ட் காசைக் கட்டாயம் வாங்க வேண்டும் என்று சட்டம் எதுவும் கிடையாது. இப்போது 10 சென்ட் வரையிலான தொகைக்கு அது சட்டப்படி செல்லும் பணம் ஆனது.

நிக்கலை எடுத்ததில் ஒருவருக்கு மட்டும் கடும் கோபம். பென்சில்வேனியாவில் நிக்கல் சுரங்கம் வைத்திருந்த ஜோசப் வார்ட்டன். அவர் சும்மா இருக்கவில்லை. 1865இல் மூன்று சென்டுக்கும் 1866இல் ஐந்து சென்டுக்கும் நிக்கல் கலந்த காசு வந்துவிட்டது. அமெரிக்கர்கள் ஐந்து சென்டை இன்றுவரை நிக்கல் என்றே கூப்பிடுகிறார்கள்.

டோக்கனுக்கு முடிவு கட்டியது 1864 ஜூன் 8ஆம் தேதிச் சட்டம். அரசுக் காசைப் போல இருந்தாலும் சரி, சொந்த வடிவமாக இருந்தாலும் சரி, பணமாகப் புழங்க எந்த உலோகக் காசையும் தனியார் அடிக்கக் கூடாது. அபராதம் 3,000 டாலர் வரை, சிறை ஐந்து ஆண்டு வரை. 'இது சென்ட் அல்ல' என்ற சாமர்த்தியத்துக்கு இனி இடமில்லை. ஆனால் சட்டம் மட்டும் இதைச் சாதித்தது என்று நான் நினைக்கவில்லை. 1862லும் சட்டம் இருந்தது, யாரும் மதிக்கவில்லை. இந்தமுறை சட்டத்தோடு கூடவே கோடிக்கணக்கில் வெண்கலக் காசும் வந்தது. சில்லறை கிடைத்த பிறகு டோக்கன் யாருக்கு வேண்டும்?

மற்ற இடங்களில்

அமெரிக்கர்கள் இதைக் கண்டுபிடித்தவர்கள் இல்லை. இங்கிலாந்தில் 1648 வாக்கில், உள்நாட்டுப் போரும் மன்னரின் வீழ்ச்சியுமாக இருந்த நேரத்தில், கடைக்காரர்களும் விடுதிக்காரர்களும் கால் பென்னி, அரைப் பென்னி டோக்கன் அடிக்க ஆரம்பித்தார்கள். 1672இல் இரண்டாம் சார்லஸ் அரசுச் செப்புக் காசு வெளியிட்டு அவற்றைத் தடை செய்யும்வரை அது ஓடியது. முதல் உலகப் போரில் ஜெர்மனியில் நகராட்சிகளும் தொழிற்சாலைகளும் காகிதத்திலும் துத்தநாகத்திலும் அவசரப் பணம் வெளியிட்டன.

நம் பக்கமும் இது எட்டிப் பார்த்தது. இரண்டாம் உலகப் போரின்போது இந்தியாவில் ஜனங்கள் காசைப் பதுக்கியதில் சில்லறை முடை வந்தது. ஜூனாகத், மோர்வி, பூந்தி, பிகானேர் போன்ற சமஸ்தானங்கள் சின்ன அட்டைத் துண்டுகளைச் சில்லறையாக வெளியிட்டன. பிரிட்டிஷ் அரசு 1943இல் நடுவில் துளை போட்டு, எடையைப் பாதிக்கும் கீழே குறைத்த காலணாவைக் கொண்டுவந்தது. தாத்தா பாட்டி பெட்டியில் கிடக்கும் ஓட்டைக் காலணா அதுதான். இலங்கையில் 1942இல் 5 சென்டுக்கு ஒரு சின்னக் காகித நோட்டு வந்தது. அதன் ஒரு பாதி 2 சென்ட், மறுபாதி 3 சென்ட். நடுவே தபால் தலையில் இருப்பதுபோல் ஓட்டை வரிசை. வேண்டுமானால் கிழித்துப் பாதியை மட்டும் கொடுக்கலாம். இவையெல்லாம் அரசும் சமஸ்தானமும் வெளியிட்டவை என்பதால் கடைக்காரர் டோக்கனோடு சேர்த்து எண்ணக் கூடாது. பிரச்சினை ஒன்று, கை வேறு.

ஒன்று வாங்க நினைத்தால்

உள்நாட்டுப் போர் டோக்கன் இன்று அரிய பொருள் இல்லை. சாதாரணத் தேசபக்தி வகை ஒன்றை ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவில் இணையத்தில் வாங்கிவிடலாம். சின்ன ஊர்க் கடைக்காரரின் டோக்கன் என்றால் விலை ஏறும், ஏனென்றால் சில கடைகளுக்கு விரல்விட்டு எண்ணும் அளவில்தான் மிச்சம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை. அந்தப் பத்தாயிரத்துச் சொச்சம் வகைகளில் கணிசமானவை சில்லறையாகப் புழங்கவே இல்லை. போர் நடந்துகொண்டிருந்தபோதே சேகரிப்பாளர்கள் கிளம்பிவிட்டார்கள். அவர்களுக்காக அச்சு வெட்டுபவர்கள் சம்பந்தமே இல்லாத இரண்டு அச்சுகளைச் சேர்த்து, வெள்ளியிலும் வெள்ளை உலோகத்திலும் கூட அடித்து விற்றார்கள். பளபளவென்று வெள்ளியில் ஒன்றைக் காட்டி, போர்க்காலத்தில் ரொட்டி வாங்கிய காசு என்று யாராவது விற்க வந்தால் நம்ப வேண்டாம். வெள்ளி கையில் இருந்திருந்தால் அந்த ஊருக்கு டோக்கனே தேவைப்பட்டிருக்காது.